செவிவழித் திகில்: கோதிக் புனைவு முதல் பாட்காஸ்ட் வரை

திகில் புனைவையும் கோதிக் புனைவையும் பற்றி இன்று பாட்காஸ்ட் தொடங்குகிறவர்கள் கையாளும் கருவிதான் புதியது. ஒருவர் குரலெடுத்துச் சொல்ல, மற்றவர்கள் அரையிருட்டில் அமர்ந்து கேட்டு நடுங்கும் வழக்கம், ஆங்கிலத் திகில் இலக்கியம் அச்சேறத் தொடங்கிய காலத்திலிருந்தே அதனுடன் கூடவே வந்திருக்கிறது. இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் நூல்களின் பதிப்பாண்டுகளையும் திரைப்படங்களின் வெளியீட்டு ஆண்டுகளையும் கொண்டே இவ்வகையின் வளர்ச்சியை அளந்திருப்பதால், வாசிப்புக் கூடங்கள், மெழுகு உருளைகள், வானொலி நிலையங்கள், இணைய ஒலித்தொடர்கள் என்று செவிவழியே ஓடிய அதன் மற்றொரு பாதை உரிய கவனம் பெறவில்லை. அந்தப் பாதையைத் தொடர்ந்து சென்றால் இரண்டு உத்திகள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றன: கதையை யாரோ விட்டுச்சென்ற ஆவணமாகக் காட்டுவது ஒன்று, காட்சியை மறைத்துவிட்டு, அச்சுறுத்தும் வேலையின் பெரும்பகுதியைக் கேட்பவரின் மனத்திடமே ஒப்படைப்பது மற்றொன்று.

கோதிக் புனைவு என்பது பாழடைந்த கோட்டை, மடாலயம், பூட்டிய அறை, குலச்சாபம், புதைத்த பின்னும் அடங்காத கடந்த காலம் ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான கதைவகையாகும். அதன் முதல் நூலாகக் கருதப்படும் ‘தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ’வை 1764 டிசம்பரில் வெளியிட்ட ஹொரேஸ் வால்போல், அதைத் தம் பெயரில் வெளியிடவில்லை. 1529-இல் நேப்பிள்ஸ் நகரில் அச்சான இத்தாலிய நூலொன்று இங்கிலாந்தின் வடபகுதியில் பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நூலகத்தில் கிடைத்ததாகவும், வில்லியம் மார்ஷல் என்பவர் அதை மொழிபெயர்த்ததாகவும் முன்னுரை கூறியது. அந்த நூலும் மொழிபெயர்ப்பாளரும் வால்போலின் கற்பனையே. நூல் நன்கு விற்ற பிறகு, 1765-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் உண்மையை ஒப்புக்கொண்டு, ‘கோதிக் கதை’ என்ற துணைத் தலைப்பையும் சேர்த்தார். இவ்வாறு கதைவகை தன் பெயரைப் பெறுவதற்கு முன்பே ‘கண்டெடுத்த ஆவணம்’ என்னும் பாவனையைப் பெற்றுவிட்டது என்பது பின்னால் வரவிருக்கும் ஒலி வரலாற்றுக்கு மிக முக்கியமான செய்தி.

இரண்டாவது உத்திக்கு இலக்கணம் வகுத்தவர் ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’வை 1794-இல் எழுதிய ஆன் ராட்க்ளிஃப். அவர் மறைந்த பிறகு 1826-இல் வெளியான கட்டுரை ஒன்றில், இன்னதென்று தெரியாமல் நெஞ்சை விழித்தெழச் செய்யும் அச்சத்தையும், கண்ணெதிரே தோன்றிய கோரம் மனத்தை உறையவைக்கும் அருவருப்பையும் அவர் இருவேறு உணர்ச்சிகளாகப் பிரித்து, முதலாவதே உயர்ந்தது என்றார். அச்சத்தின் ஊற்று தெளிவின்மையில் இருக்கிறது என்னும் இந்தக் கருத்து, கண்ணுக்கு எதையும் காட்ட முடியாத வானொலிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து எவ்வளவு பொருந்தப்போகிறது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

குரலின் வலிமைக்குப் புகழ்பெற்ற சான்று 1816-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள வில்லா டியோடாட்டியில் நிகழ்ந்தது. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவில் கோடையே தோன்றாமல் மழையும் குளிரும் நீடித்ததால், பைரன், ஷெல்லி, மேரி, மருத்துவர் போலிடோரி ஆகியோர் வீட்டுக்குள் அடைபட்டு, ஜெர்மானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பான ‘ஃபாண்டாஸ்மகோரியானா’வை உரக்கப் படித்துப் பொழுதுபோக்கினர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுத வேண்டும் என்ற பைரனின் யோசனையும், அதிலிருந்து 1818-இல் மேரியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, 1819-இல் போலிடோரியின் ‘தி வாம்பயர்’ ஆகியவை பிறந்ததும் பலமுறை எழுதப்பட்டவை. ஆனால் போலிடோரியின் நாட்குறிப்பில் உள்ள மற்றொரு செய்தியே இங்கு அதிகப் பொருளுடையது: ஒருநாள் நள்ளிரவில் பைரன் கோல்ரிட்ஜின் ‘கிறிஸ்டபெல்’ கவிதையிலிருந்து சூனியக்காரியின் மார்பை வருணிக்கும் பகுதியைச் சொல்லிக்காட்டிய பின் அறையில் அமைதி நிலவ, ஷெல்லி திடீரென அலறி, தலையைக் கைகளால் பற்றிக்கொண்டு, மெழுகுவர்த்தியுடன் வெளியே ஓடினார், போலிடோரி அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஈதர் கொடுத்துத் தெளிவிக்க வேண்டியிருந்தது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பிற்காலத்தில் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். அந்நூலின் தோற்றுவாய் இப்படி ஒரு கேட்கும் கூட்டத்தில் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் கனவான்களின் மாளிகையோடு நின்றுவிடவில்லை. லண்டனின் தெருவோர வியாபாரிகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ 1851 அளவில் எழுதிய ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் வேலை முடிந்து கூடி, படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு மலிவுவிலைத் தொடர்கதைகளைப் படிக்கச்சொல்லிக் கேட்டதாகப் பதிவு செய்கிறார். அவர்கள் விரும்பிக் கேட்டவற்றுள் ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸின் எழுத்துகள் முன்னணியில் இருந்தன. அதே ரெனால்ட்ஸின் நாவல்களைத்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவி எழுதினார் என்பதால், தமிழ் மர்ம நாவலின் வேர்களில் ஒன்று இந்த லண்டன் கூட்டங்கள் வரை நீள்கிறது. நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் தம் பேய்க்கதைகளை முதலில் நண்பர்களிடம் படித்துக்காட்டவே எழுதினார். 1893 அக்டோபரில் சிட்சாட் கழகத்தில் முதல் இரண்டு கதைகளைப் படித்த அவர், பின்னர் ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் கிங்ஸ் கல்லூரியில் கையெழுத்துப் பிரதியுடன் அறைக்குள் வந்து, ஒரு மெழுகுவர்த்தியைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குவார் என்று கேட்டவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவை நூலானது 1904-இல்தான்.

ஒலிப்பதிவுக் கருவி திகில் கதைக்குள்ளேயே நுழைந்த இடம் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’. 1897-இல் வெளியான அந்நாவல் முழுவதும் நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றின் தொகுப்பாக அமைந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் மனநல மருத்துவர் ஸீவார்டின் நாட்குறிப்பு எழுதப்படவில்லை, பேசப்பட்டது. எடிசன் 1877-இல் கண்டுபிடித்த ஃபோனோகிராஃப், அதாவது உருளையில் ஊசியால் ஒலியைக் கீறிப் பதியும் கருவி, அக்காலத்தில் மெழுகு உருளைகளுடன் அலுவலகங்களில் கடிதம் சொல்லிப் பதியப் பயன்பட்டது. அதில் மாதக்கணக்கில் பேசிவந்த ஸீவார்ட், குறிப்பிட்ட ஒரு பகுதி வேண்டுமென்றால் உருளைகளுக்குள் அதை எப்படித் தேடி எடுப்பது என்று தாம் ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பதை நாவலின் நாயகி மினா கேட்கும்போதுதான் உணர்கிறார். உருளைகளை முழுதும் கேட்ட மினாவோ, அக்குரலில் ஒலித்த துயரத்தை இனி வேறு எவரும் கேட்கக் கூடாது என்று எண்ணி, அனைத்தையும் தட்டச்சு செய்து வெறும் சொற்களாக மாற்றிவிடுகிறாள். பின்னர் டிராகுலா ஸீவார்டின் வீட்டுக்குள் புகுந்து கையெழுத்துப் பிரதிகளையும் உருளைகளையும் நெருப்பிலிடும்போது, மெழுகு தீயை மேலும் வளர்க்கிறது. பெட்டகத்தில் இருந்த தட்டச்சுப் பிரதி மட்டும் எஞ்சுகிறது. எழுத்து தாங்காத ஒன்றைக் குரல் தாங்குகிறது என்பதையும், அந்தக் குரல் எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதையும் ஒருசேரக் கண்ட முதல் திகில் எழுத்தாளர் ஸ்டோக்கர் என்று சொல்வது மிகையாகாது.

வானொலி வந்தபோது அதன் முதல் நாடகமே இருட்டைத் தேடிச் சென்றது. செவிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகப் பொதுவாகக் கருதப்படும் ரிச்சர்ட் ஹ்யூஸின் ‘டேஞ்சர்’, 1924 ஜனவரி 15 அன்று பிபிசியில் ஒலிபரப்பானது. விளக்கணைந்த வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிய அந்நாடகத்தைக் கேட்பவர்களும் தங்கள் அறை விளக்குகளை அணைத்துவிட்டுக் கேட்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். திகிலைத் தனித் தொழிலாக வளர்த்தது அமெரிக்க வானொலி. 1931 மே மாதம் நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் அலான்ஸோ டீன் கோல் தொடங்கிய ‘தி விட்ச்சஸ் டேல்’, அமெரிக்காவின் சேலம் நகரத்துக் கிழச் சூனியக்காரி நான்சி தன் கறுப்புப் பூனையுடன் அமர்ந்து கதை சொல்வதாக அமைந்தது. நான்சியாக நடித்த அடிலெய்ட் ஃபிட்ஸ்-ஆலன் எண்பது வயதை நெருங்கிய மேடை நடிகை. அவர் இறந்ததும் அப்பாத்திரத்தை ஏற்ற மிரியம் வுல்ஃபுக்கு வயது 13. கதைக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு கதைசொல்லியை நிறுத்தும் இந்த அமைப்பு, பின்வந்த வானொலித் தொடர்களுக்கு மட்டுமின்றி 1950-களின் திகில் சித்திரக்கதை இதழ்களுக்கும் முன்மாதிரியானது.

1934 ஜனவரியில் சிகாகோவின் டபிள்யூ.இ.என்.ஆர். நிலையத்தில் வில்லிஸ் கூப்பர் தொடங்கிய ‘லைட்ஸ் அவுட்’ இவ்வரலாற்றில் தனித்து நிற்கிறது. நள்ளிரவு நேரத்தை விலைக்கு வாங்க விளம்பரதாரர்கள் முன்வராததால், அந்த நேரத்தில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி எவருடைய சோப்பையும் காபியையும் விற்க வேண்டிய கட்டாயமின்றி இயங்க முடிந்தது. கூப்பர் அந்தச் சுதந்திரத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார். முதலில் 15 நிமிடங்களாக இருந்த நிகழ்ச்சி சில மாதங்களில் அரைமணி நேரமாயிற்று. 1935 தொடக்கத்தில் நிலையம் அதை நிறுத்த முயன்றபோது நேயர்களின் எதிர்ப்பு அதை மீட்டதோடு, என்.பி.சி.யின் நாடு தழுவிய ஒலிபரப்புக்கும் கொண்டுசென்றது. கூப்பர் 1936-இல் ஹாலிவுட்டுக்குப் போன பின் பொறுப்பேற்ற ஆர்ச் ஓபலர், அலெக்சிஸ் கேரலின் ஆய்வகத்தில் கோழிக்கருவின் இதயத் திசு ஆண்டுக்கணக்கில் உயிருடன் வளர்க்கப்பட்டதாக வந்த செய்தியைக் கொண்டு, உலகையே விழுங்கும் அளவுக்கு வளரும் இதயத்தின் துடிப்பை 1937-இல் நாடகமாக்கினார். ஒரு துடிப்பொலி மெல்ல மெல்ல வலுப்பதைத் தவிர அதில் கேட்பவரை அச்சுறுத்த வேறொன்றும் தேவைப்படவில்லை.

இத்தொடரின் ஒலியமைப்பாளர்கள் சமையலறையிலிருந்தே தங்கள் கருவிகளை எடுத்தார்கள். தலை துண்டிக்கப்படுவதற்கு முட்டைக்கோஸை வெட்டுக்கத்தியால் ஒரே வீச்சில் பிளந்தார்கள். எலும்பு முறிவதற்குப் பன்றியின் விலா எலும்புகளைத் திருகி ஒடித்தார்கள். மின்சார நாற்காலிக்கு வாணலியில் பன்றி இறைச்சிக் கீற்றுகளைப் பொரித்தார்கள். மனித உடல் உட்புறம் வெளிப்புறமாகப் புரளும் காட்சி ஒன்றுக்கு, ஈரமான ரப்பர் கையுறையை மைக்கின் அருகே மெதுவாகப் புரட்டியவாறே, பழம் வைக்கும் மெல்லிய மரக்கூடைகளை நொறுக்கினார்கள். கையுறையின் ஒலியைக் கையுறையின் ஒலியாகவே கேட்கிறவர் எவரும் அஞ்சமாட்டார். அதற்கு முன் ஒலித்த ஒன்றிரண்டு வசனங்களே அந்த ஒலிக்குத் தசையும் தோலும் தந்தன. ராட்க்ளிஃப் பிரித்துக்காட்டிய இரு உணர்ச்சிகளும் இந்த ஒலிக்கூடத்தில் ஒன்றாகிவிட்டன எனலாம், ஏனெனில் இங்கே கோரம் உச்சத்தில் இருந்தபோதும் அதைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை.

கோதிக் செவ்வியல் நூல் ஒன்றைக் கொண்டு தொடரைத் தொடங்கும் துணிவைக் காட்டியவர் ஆர்சன் வெல்ஸ். அவருடைய மெர்க்குரி நாடகக் குழு 1938 ஜூலை 11 அன்று சி.பி.எஸ். வானொலியில் முதல் நிகழ்ச்சியை வழங்கியபோது, முதலில் திட்டமிட்டிருந்த ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கைவிடப்பட்டு ‘டிராகுலா’ இடம்பெற்றது. வெல்ஸ் டிராகுலாவாகவும் ஸீவார்டாகவும் பேச, ஆக்னஸ் மூர்ஹெட் மினாவாகப் பேசினார். திரைப்படங்கள் கைவிட்ட ஆவண வடிவத்தை இந்த ஒலிச்சித்திரம் மீட்டெடுத்தது என்பதே அதன் சிறப்பு: நாட்குறிப்பும் தந்தியும் கப்பல் பதிவேடும் வெவ்வேறு குரல்களாக ஒன்றையடுத்து ஒன்று வந்தன. அதே குழு அக்டோபர் 30 அன்று செய்தி அறிக்கை வடிவில் வழங்கிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாடெங்கும் பீதியை விளைவித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பீதி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பதே பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. ஆயினும் பொய் ஆவணத்தின் இடத்தை இனி நேரடிச் செய்தியும் எடுத்துக்கொள்ள முடியும் என்பது அன்று உறுதியாயிற்று.

அடுத்த பத்தாண்டுகள் இத்தொழிலின் செழிப்பான காலம். ஹிமன் பிரவுன் 1941-இல் தொடங்கிய ‘இன்னர் சாங்டம் மிஸ்டரீஸ்’ கிறீச்சிடும் கதவொலி ஒன்றையே தன் அடையாளமாக்கியது. பிபிசி 1943 செப்டம்பரில் தொடங்கிய ‘அப்பாயின்ட்மென்ட் வித் ஃபியர்’ தொடரில் கறுப்பு உடை மனிதராக வாலன்டைன் டயல் கதைகளை அறிமுகம் செய்தார். இவற்றுள் தலைசிறந்ததாக மதிக்கத்தக்கது, ‘சஸ்பென்ஸ்’ தொடரில் 1943 மே மாதம் ஒலிபரப்பான லூசில் ஃபிளெச்சரின் ‘சாரி, ராங் நம்பர்’. படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெண், தொலைபேசி இணைப்புகளின் குழப்பத்தால் இருவர் கொலைக்குத் திட்டமிடுவதைக் கேட்க நேர்ந்து, கொல்லப்படவிருப்பவள் தானே என்பதைக் கடைசியில் உணர்கிறாள். ஆக்னஸ் மூர்ஹெட் கிட்டத்தட்டத் தனியொரு குரலாகவே அந்த அரைமணி நேரத்தைத் தாங்கினார். கோதிக் நாவலின் பூட்டிய கோட்டையும் அதனுள் சிறைப்பட்ட பெண்ணும் நியூயார்க் நகரத்துப் படுக்கையறைக்கு இடம்பெயர்ந்திருப்பதையும், கேட்பவரும் அவளைப் போலவே ஒலியை மட்டும் நம்பியிருப்பதையும் கவனித்தால், அந்நாடகம் திரும்பத் திரும்ப நேயர்களை ஈர்த்ததன் காரணம் விளங்கும்.

தொலைக்காட்சி பரவியதும் விளம்பரப் பணம் அங்கே போயிற்று. ‘சஸ்பென்ஸ்’ 1962 செப்டம்பரில் முடிவடைந்ததோடு அமெரிக்க வானொலி நாடகத்தின் பொற்காலம் முடிந்ததாகக் கொள்வது மரபு; 1974 முதல் 1982 வரை பிரவுன் மீண்டும் நடத்திய ‘சி.பி.எஸ். ரேடியோ மிஸ்டரி தியேட்டர்’ ஒரு விதிவிலக்கு. நேரடியாக ஒலிபரப்பாகிக் காற்றில் கலந்த நிகழ்ச்சிகளில் எஞ்சியவை, வட்டுகளில் தற்செயலாகப் பதிவானவையும் ஆர்வலர்கள் நாடாக்களில் படியெடுத்துக் காப்பாற்றியவையுமே ஆகும். ‘தி விட்ச்சஸ் டேல்’ ஏழு ஆண்டுகள் ஒலித்தும் அதன் மிகச் சிறிய பகுதியே இன்று கிடைக்கிறது.

இந்த இடைவெளிக்குப் பின் வந்த பாட்காஸ்ட், ‘லைட்ஸ் அவுட்’டுக்கு நள்ளிரவு கொடுத்த சுதந்திரத்தை எல்லோருக்கும் கொடுத்தது. ஆர்.எஸ்.எஸ். எனப்படும் இணைய ஓடையில், அதாவது புதிய பதிவுகளைச் சந்தாதாரரின் கருவிக்குத் தானாகவே தெரிவிக்கும் கோப்பில், ஒலிக்கோப்பையும் இணைக்கும் வழியை டேவ் வைனர் 2000-இன் இறுதியில் உருவாக்க, 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்தது; அடுத்த ஆண்டே ‘சூடோபாட்’ திகில் சிறுகதைகளை வாசித்து வெளியிடத் தொடங்கியது. நிலையமும் உரிமமும் தேவையில்லை. ஒரு மைக்கும் அமைதியான அறையும் போதும். கேட்பவரும் குடும்பத்தோடு கூடத்தில் அமர்ந்து கேட்காமல், ஹெட்போன் வழியே காதுக்குள் தனியாகக் கேட்கிறார் என்பதால், தணிந்த குரலும் மூச்சொலியும்கூட முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நெருங்கி வருகின்றன.

புதிய தொடர்கள் பழைய உத்திகளைத் தெரிந்தே எடுத்துக்கொண்டன. 2012 ஜூனில் தொடங்கிய ‘வெல்கம் டு நைட் வேல்’ பாலைவனச் சிற்றூர் ஒன்றின் சமுதாய வானொலி அறிவிப்பாகவே அமைந்தது. ஜொனாதன் சிம்ஸ் எழுதி, 2016 மார்ச் முதல் 2021 மார்ச் வரை 200 பகுதிகளாக வெளிவந்த ‘தி மேக்னஸ் ஆர்க்கைவ்ஸ்’, லண்டனில் உள்ள அமானுஷ்ய ஆய்வு நிறுவனம் ஒன்றின் ஆவணக் காப்பாளர், மக்கள் எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களைப் பழைய ஒலிநாடாவில் படித்துப் பதிவதாக அமைந்தது. சில வாக்குமூலங்கள் கணினியில் பதிய மறுப்பதே நாடாவுக்குத் திரும்பக் காரணம். அதன் முதல் பகுதியில், எடின்பரோவின் சந்து ஒன்றில் நின்று சிகரெட் கேட்கும் உருவமே அச்சத்தின் மையம். ‘டிராகுலா’ நாவலின் ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய தேதியில் வெளியிட்ட ‘ரீ: டிராகுலா’ 2023-இல் வந்தபோது, ஸ்டோக்கர் எழுத்தில் மட்டுமே கற்பனை செய்த ஸீவார்டின் பேச்சுக் குறிப்புகள் மே முதல் நவம்பர் வரை உண்மையான குரலாக நேயர்களைச் சென்றடைந்தன.

கதையை நிகழ்த்தாமல் கதையைப் பற்றி உரையாடும் பாட்காஸ்ட்டுகள் மற்றொரு கிளை. இலக்கியக் கல்வி என்ற வகையில் இக்கிளைக்கே அதிக மதிப்பு உண்டு. சாட் ஃபைஃபரும் கிறிஸ் லேக்கியும் 2009-இல் தொடங்கிய ‘எச். பி. லவ்கிராஃப்ட் லிட்டரரி பாட்காஸ்ட்’ அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடித்தபின், அமானுஷ்யத் திகில் இலக்கியம் பற்றி லவ்கிராஃப்ட் 1927-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் குறிப்பிடும் பிற எழுத்தாளர்களின் பக்கம் திரும்பியது. ஒரு திறனாய்வுக் கட்டுரையின் நூற்பட்டியல் இவ்வாறு பல ஆண்டுகளுக்கான நிகழ்ச்சி நிரலாகிவிட்டது. பதிப்புரிமைக் காலம் கடந்த கதைகளை எவரும் தடையின்றி முழுதாகப் படித்துக்காட்டலாம் என்பதும் இதற்குத் துணைசெய்தது. 1936-இல் மறைந்த எம். ஆர். ஜேம்ஸின் படைப்புகள் 2007 தொடக்கம் முதல் பிரிட்டனில் அந்நிலையை அடைந்தன.

இருப்பினும் இப்போதைய தொடர்கள் ஜேம்ஸ், லவ்கிராஃப்ட், எட்கர் ஆலன் போ ஆகிய மூவரிடமே மீண்டும் மீண்டும் சென்று நிற்பது ஒரு குறையே. 1864 கிறிஸ்துமஸுக்கு டிக்கன்ஸின் இதழில் ‘தி ஃபாண்டம் கோச்’ எழுதிய அமீலியா எட்வர்ட்ஸ், 1882-இல் ‘வியர்ட் ஸ்டோரீஸ்’ தொகுப்பை வெளியிட்ட சார்லட் ரிடல், 1890-இல் ‘ஹான்டிங்ஸ்’ எழுதிய வெர்னன் லீ, 1893-இல் ‘கிரிம் டேல்ஸ்’ எழுதிய ஈடித் நெஸ்பிட் ஆகியோரின் கதைகளும் எவருடைய அனுமதியும் இன்றிப் படிக்கக் கிடைப்பவை. அவற்றுள் பல, ஒருவர் மற்றவரிடம் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும் பாணியிலேயே எழுதப்பட்டவை என்பதால் குரலுக்கு ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் பகுதிக்கான கதை அங்கே கிடைக்கும்.